தர்ம அடி

போன சனிக்கிழமை சாயங்காலம் மயிலாப்பூரில் ஒரு மாப்பிள்ளை முதுகில் அடி வாங்கினார். சொந்த மாமனார் கண்ணெதிரே. பள்ளிக்கூட ஹாலில், நூறு பேர் முன்னிலையில்.

அடித்தவர் ஒரு நர்ஸ். எதற்காக? தர்மத்துக்காக.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற நீங்கள், 'இந்த வாரம் இந்த மனுஷருக்கு விஷயம் அகப்படவில்லை, அவிழ்த்து விடுகிறார்' என்று முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. இல்லை ஸார், சத்தியமாக நடந்தது. நான் அங்கேதான் இருந்தேன். அதுவும், அடித்தவருக்குப் பக்கத்து நாற்காலியில்.

தியாகராய நகரில் வேதாந்தம் என்று ஒரு பெரியவர். தந்தி இலாகாவில் ஆயுசில் பாதியைக் கழித்துவிட்டு ரிடையர் ஆனவர். ரிடையர் ஆனது மனுஷர்தான். விரல் இன்னும் ஆகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் இலை ஓரத்தில் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தட்டலை வைத்தே ரசமா மோரா என்று அவர் சம்சாரம் தெரிந்துகொள்வாராம்.

இவரிடம் ஒரு கார் இருக்கிறது. யுத்தம் வந்தது, பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது, கார் ஷெட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. பின் ஸீட்டில் பூனை குட்டி போட்டிருக்கிறது. பார்த்தார் பெரியவர்... மந்தைவெளியில் ஏழைகளுக்கு இலவசமாகப் பிரசவம் பார்க்கிற ஒரு டிஸ்பென்சரி இருக்கிறதே, அதற்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார். வைத்தியத்துக்கு என்றால் பெட்ரோலும் கிடைக்கும்.

நீங்களும் நானும் என்ன செய்வோம்? சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். வேதாந்தம் அப்படிச் செய்வாரா? தந்தி இலாகா ஆயிற்றே! ஒரு புதிர்ப் போட்டி வைத்தார்.

போட்டி இதுதான். தந்தி பாஷையில் ஒரு செய்தியைத் தட்டி, அதைக் கிராமபோன் ரிக்கார்டாகவே செய்து வைத்திருந்தார். ஹாலில் அந்த ரிக்கார்டை மூன்று தடவை போடுவார்கள். கேட்கிறவர்கள் அது என்ன செய்தி என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து வாயால் சொன்னால் செல்லாது. மேடைக்கு வந்து, செய்தியில் என்ன சொல்லியிருக்கிறதோ அதைச் செய்துகாட்ட வேண்டும். 'தந்தி என்பது படிக்கிறதுக்கு இல்லே, காரியம் பண்றதுக்கு' என்பது அவர் கட்சி.

விளக்கு வைப்பதற்குள் யாராவது செய்துகாட்டிவிட்டால் கார் டிஸ்பென்சரிக்கு. ஒருவரும் செய்யாவிட்டால்? கார் அவருடைய மாப்பிள்ளைக்கு.

இந்தக் கடைசி ஷரத்து எப்படி உள்ளே நுழைந்தது என்று கேட்காதீர்கள். கல்யாணத்தின்போதே அந்தக் காரைப் பற்றி ஏதோ பேச்சு அடிபட்டதாகக் கேள்வி. மாப்பிள்ளைகள் இதையெல்லாம் மறப்பதில்லை.

அழைப்பிதழில் 'புதியவர்களுக்கு ஏற்றது. காது இருந்தால் போதும்' என்று அச்சடித்திருந்தார்கள். எனக்குக் காது இரண்டு இருக்கிறது. போனேன்.

ஹால் நிறைய ஜனம். யுத்த காலத்தில் இப்படி டிக்டிக்கென்று பொது இடத்தில் தட்டலாமா என்று ஸ்டேஷனில் கேட்டு அனுமதி வாங்கியிருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கான்ஸ்டபிள் முன்வரிசையில் நோட்டுப் புஸ்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். மூன்று மூன்று பேராக எங்களை மேஜை மேஜையாகப் பிரித்தார்கள். என் மேஜையில் நான், ஒரு தமிழ்ப் பண்டிதர், அப்புறம் டிஸ்பென்சரி நர்ஸ் ஞானம்மாள்.

ஞானம்மாளுக்கு நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைப் புடவை, காலடியில் ஒரு தோல் பை, மார்பில் குத்திய சின்னக் கடிகாரம். கை மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் பெரிசு. சும்மா பேச்சுக்கு, 'கார் கிடைத்தால் சௌகரியம்தான், இல்லையா?' என்றேன்.

அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். போன மாதம் அடையாற்றங்கரைக் குப்பத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டதாம். மழை. ரிக்‌ஷாதான். ரிக்‌ஷாக்காரன் உயிரைக் கொடுத்துத்தான் இழுத்தானாம். போய்ச் சேர்ந்தபோது தாயைக் காப்பாற்ற முடிந்தது, குழந்தையை முடியவில்லை. கால் மணி நேரம் முன்னால் போயிருந்தால் முடிந்திருக்குமாம்.

சௌகரியமாம், சௌகரியம். நாக்கைக் கடித்துக்கொண்டேன். விளையாட்டுப் பார்க்க வந்த எனக்கு அந்த நிமிஷத்திலிருந்து அந்தக் கார் வேண்டும் என்றாகிவிட்டது—என் அப்பன் வீட்டுக் கார் மாதிரி.

மேடையில் கிராமபோன். ஒலிபெருக்கி. ஒரு பக்கம் வேதாந்தம், விடை வாயிலிருந்து தப்பித்தவறி விழுந்துவிடக் கூடாதே என்று உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிராமபோனுக்குச் சாவி கொடுக்கிற பொறுப்பு யாருக்கு? மாப்பிள்ளைக்கு!

மாப்பிள்ளையின் பெயர் மணி. இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டுப் போட்டு வந்திருந்தார். வலது கை கோட்டுப் பாக்கெட்டுக்குள். வந்ததிலிருந்து அந்தக் கையை அவர் வெளியே எடுக்கவே இல்லை. கிராமபோனுக்கு இடது கையாலேயே சாவி கொடுத்தார். அதுகூடப் போகட்டும். நடுவில் சுண்டல் கொடுத்தார்கள். அந்தத் தொன்னையையும் இடது கையாலேயே வாங்கினார்! வாங்கி, கையால் எடுத்துச் சாப்பிடாமல், தொன்னையோடு வாயில் கவிழ்த்துக்கொண்டார். ஹாலில் ஒரு சலசலப்பு. சுண்டல் கொடுத்த ஆசாமி மேடையிலிருந்து இறங்கி வருவதற்குள் மூன்று பேரிடம் அதைச் சொல்லிவிட்டார். அந்த க்ஷணமே சபைக்கு மாப்பிள்ளைமேல் கை அரித்தது என்று நினைக்கிறேன்.

முதல் தடவை ரிக்கார்டு ஓடியது. டாடா... டிடா... டாடி... டிடி... ஒன்றும் புரியவில்லை. எங்கள் கையில் எழுத்து அட்டவணை கொடுத்திருந்தார்கள். குட்டை ஒலிக்குப் புள்ளி, நீள ஒலிக்குக் கோடு. நான் ஒரு எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நாலு எழுத்து ஓடிப்போயின. பின்னால் சங்கீத சபாக்காரர்கள் மேஜை. மூவரும் தொடையில் தாளம் போட்டுப் பார்த்துவிட்டு, இதில் அரை அட்சரம் உதைக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார்கள். வக்கீல்கள் மேஜை எழுந்து நின்று வாய்தா கேட்டது.

எங்கள் பண்டிதர் மட்டும் கண்ணை மூடித் திளைத்துக்கொண்டிருந்தார். "டா நெடில், டி குறில். டாடா, தேமா. டாடிடி, கூவிளம். ஈற்றில் டிடி என்று தனி நிரை... மலர்! ஐயா, ஈற்றுச் சீர் மலர்! இது வெண்பாவாக இருக்கக்கூடும்" என்றார். அட்டவணையை நீட்டினேன். அசை பிரிப்பதற்கு அட்டவணை எதற்கு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது தடவை இன்னும் மோசம். இடது கையால் கொடுத்த சாவி எத்தனை நேரத்துக்கு வரும்? பாதியில் ரிக்கார்டு தூங்கி வழிய ஆரம்பித்தது. டிடி எல்லாம் டீஈஈ... டீஈஈ... என்று இழுத்தது. குறிலெல்லாம் நெடிலாகி, நெடிலெல்லாம் நெட்டுயிர்த்தது. ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. ஞானம்மாளை ஏற்றி வந்து வெளியே காத்திருந்த ரிக்‌ஷாக்காரர் முனுசாமி. "இன்னா நர்ஸம்மா, உள்ள தவளை கத்திக்கினு கீது?" என்று விசாரித்தார். பண்டிதருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "அளபெடை!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வேதாந்தம் சாவியை முழுக்கக் கொடுக்கும்படி மாப்பிள்ளையைக் கேட்டுக்கொண்டார். மாப்பிள்ளை கை வலிக்கிறது என்றார். எந்தக் கை? சொல்லவில்லை. கடைசியில் முன்வரிசைக் கான்ஸ்டபிள் மேடையேறி, ராட்டினம் சுற்றுகிற மாதிரி சுற்றி முறுக்கிவிட்டு வந்தார்.

வெயில் ஜன்னலைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவை. கடைசித் தடவை.

நான் அப்போதுதான் கவனித்தேன். ஞானம்மாள் தலையைக் கொஞ்சம் சாய்த்து, கடிகாரத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார். வயிற்றுக்குள் இருக்கிற குழந்தையின் துடிப்பைக் குழல் வைத்துக் கேட்டுக் கேட்டுப் பழகின காது அல்லவா! எது குட்டை, எது நீளம், எங்கே மூச்சு விடுகிறது என்று அவருக்கு ஒரு சிரமமும் இல்லை. புள்ளியும் கோடுமாகக் காகிதத்தில் குறித்துக்கொண்டே வந்தார். ரிக்கார்டு நின்றது. அட்டவணையைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்.

எம், ஏ, என், ஐ. அப்புறம் ஏ, டி, ஐ.

தமிழை ஆங்கில எழுத்தில் தந்தி அடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததா? குறில் நெடில் கிடையாது. மூன்று சுழி, இரண்டு சுழி கிடையாது. மணியா, மானியா, மன்னியா? அடியா, ஆடியா, ஆதியா? சபாக்காரர்களும் இதற்குள் அதே எழுத்துக்களுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்கள் 'மணி ஆடி' என்று படித்துவிட்டு, ஆடி மாசத்தில் யாருக்கோ மணிவிழா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வக்கீல்கள் அடி என்றால் அடிப்பாகம் என்று பொருள் கொண்டு, மூன்று பேரும் மேஜைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தார்கள்.

பண்டிதர்தான் சரியாகப் பிரித்தார். "மணி அடி."

ஆஹா என்றேன். அடிக்க வேண்டியதுதானே! மணி எங்கே? மேடை மேஜையைப் பார்த்தேன். கிராமபோன் இருந்தது. சுண்டல் தொன்னை இருந்தது. மணி இல்லை. சுவரைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்து மணி தொங்கின கொக்கி மட்டும் இருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலியானபோது கழற்றினது, இன்னும் மாட்டவில்லையாம். வேதாந்தம் மட்டும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். மேஜையில் தான் வைத்த பூஜை மணி, கிராமபோன் குழாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று எண்ணியிருந்தாராம்.

மணி இல்லாத ஹாலில் 'மணி அடி' என்றால் என்ன அர்த்தம்?

மூவரும் ஒரே சமயத்தில் மேடையைப் பார்த்தோம். மணி அங்கே நின்றுகொண்டிருந்தார். வலது கை பாக்கெட்டில்.

"கூடாது" என்றார் பண்டிதர். அடிக்கக் கூடாது என்று அவர் சொன்னதற்குக் காரணம் அகிம்சை அல்ல, இலக்கணம். மனுஷரை அடிக்க வேண்டுமானால் 'மணியை அடி' என்று ஐ உருபு வெளிப்பட்டு நிற்க வேண்டுமாம். உயர்திணையில் அந்த ஐ மறையாதாம். செய்தியில் ஐ இல்லை. ஆகவே மணி அஃறிணை. மாப்பிள்ளை எந்தத் திணை என்பதில் சபையில் கருத்து வேறுபாடு இருந்திருக்கலாம். ஆனால் நான் பண்டிதர் பக்கம் உறுதியாக நின்றேன். மேஜையைத் தட்டினேன். இலக்கணத்தை மீறி ஒரு மனுஷனை அடிப்பதாவது! பள்ளிக்கூடத்தில் இலக்கணத்தில் நான் வாங்கின மார்க்கைப் பார்த்தவர்கள் யாராவது அங்கே இருந்திருந்தால் திகைத்துப் போயிருப்பார்கள்.

நாங்கள் இப்படி வாதாடிக்கொண்டே இருக்கிறோம்... மாப்பிள்ளை ஜன்னலைப் பார்க்கிறார், வெளிச்சத்தைப் பார்க்கிறார், ரிக்கார்டை எடுத்து உறையில் போடுகிறார், இடது கையால்.

நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. ஞானம்மாள் எழுந்துவிட்டார்.

நேராக மேடைக்குப் போனார். மாப்பிள்ளைக்கு முன்னால் நின்று, "நீங்கதானே மணி?" என்று கேட்டார். அவர் ஆமாம் என்றார். பாவம், வேறென்ன சொல்வார்?

ஞானம்மாள் அவருக்குப் பின்பக்கம் போய் முதுகில் ஒரு அடி வைத்தார்.

கோபமாக அல்ல. பிறந்த குழந்தை அழாவிட்டால் தட்டுவார்களே, அந்தத் தட்டு. அளவு மட்டும் மாப்பிள்ளைக்குத் தகுந்தபடி. மாப்பிள்ளை 'ஹக்' என்றார். வலது கை பாக்கெட்டிலிருந்து துள்ளி வெளியே வந்தது. கையோடு கூடவே ஒரு பித்தளைப் பூஜை மணியும் வந்தது. வந்து கீழே விழுந்து, மேடைப் படி மூன்றிலும் டிங், டிங், டிங் என்று இறங்கி, கான்ஸ்டபிள் பூட்ஸில் இடித்து நின்றது.

கான்ஸ்டபிள் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

வேதாந்தம் மெள்ள எழுந்து வந்தார். மணியைக் குனிந்து எடுத்தார். நாக்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "மாப்பிள்ளே, எங்காத்துப் பூஜை மணி உம்ம பாக்கெட்டுக்குள்ளே எப்படி வந்தது?"

பத்திரமாக இருக்கட்டுமே என்று எடுத்து வைத்துக்கொண்டாராம் மாப்பிள்ளை. விஷயம் என்னவென்றால், ஒரு வாரமாக மாமனார் தம் வீட்டில் அந்த ரிக்கார்டைப் போட்டுப் போட்டுச் சரி பார்த்திருக்கிறார். கூடவே மணியையும் துலக்கி வைத்திருக்கிறார். மாப்பிள்ளைக்குத் தந்தி பாஷை தெரியாவிட்டாலும் கணக்குத் தெரிந்திருக்கிறது. மணி இல்லாவிட்டால் அடிக்க முடியாது. அடிக்க முடியாவிட்டால் கார் தன்னுடையது. அசைந்தால் சத்தம் போடுகிற சாமானைப் பாக்கெட்டில் எப்படி வைத்துக்கொள்வது? நாக்கைக் கையால் பிடித்துக்கொண்டு! அதற்காக இரண்டு மணி நேரம் வலது கையைத் தியாகம் செய்தார் பாருங்கள், அந்த உழைப்பில் பாதி இருந்தால் சொந்தமாகவே ஒரு கார் வாங்கியிருக்கலாம்.

மாப்பிள்ளை லேசில் விடவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே சட்டம் பேசினார். அந்த அம்மாள் அடித்தது தன்னையே தவிர மணியை அல்ல, ஆகவே செல்லாது என்றார். மேஜைக்கு அடியிலிருந்து எழுந்து வந்த வக்கீல்கள்கூட இதில் கொஞ்சம் யோசித்தார்கள். இத்தனைக்கும் பிறகு கை நழுவிப் போய்விடுமோ?

பண்டிதர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவரை அடித்ததில் செயப்படுபொருள் யார்? மணி. ஒலித்தது எது? மணி. ஆளாக வைத்தாலும் மணி, பொருளாக வைத்தாலும் மணி. இதைவிட முழுமையாக ஓர் ஏவலை நிறைவேற்ற முடியாது" என்றார். சற்று முன்பு அதே மனுஷர்தான் கூடாது என்று சொன்னவர். கார் என்று வந்துவிட்டால் இலக்கணமும் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது.

வேதாந்தத்துக்கு அதற்கு மேல் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மடியிலிருந்து சாவியை எடுத்து ஞானம்மாள் கையில் வைத்தார். சபை கைதட்டியது. மாமனாரும் தட்டினார். கொஞ்சம் அதிகமாகவே தட்டினார் என்று எனக்குத் தோன்றியது. மருமகனைத் தொடக்கூடாத இடத்தில் இருக்கிற மாமனார்களுக்கு இந்த மாதிரி சந்தர்ப்பம் எத்தனை வாய்க்கும்?

திங்கட்கிழமை பூனையையும் குட்டிகளையும் கூடைக்கு மாற்றிவிட்டு, கார் மந்தைவெளி போய்ச் சேர்ந்துவிட்டது. டிஸ்பென்சரி டாக்டரம்மாவுக்கு ஓட்டத் தெரியுமாம். முனுசாமிக்கு மட்டும் சவாரி குறையுமே என்று நான் வருத்தப்பட்டேன். அவர் படவில்லை. அந்த மழையில் குப்பத்துக்கு ஒரு தடவை வண்டி இழுத்து ஓடினவருக்கு இன்னொரு தடவை ஓட மனசில்லை போலிருக்கிறது.

அன்றைக்குக் கூட்டம் கலைந்ததும் ஞானம்மாளோடு வாசல்வரை நடந்து வந்தேன். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. மணி அவர் பாக்கெட்டில் இருப்பது உங்களுக்கு முன்பே தெரியுமா, அல்லது அந்த மாப்பிள்ளையைத்தான் அடிக்கச் சொல்லியிருக்கிறது என்று நிஜமாகவே நினைத்தீர்களா என்று கேட்டேன்.

அவர் தோல் பையை ரிக்‌ஷாவில் வைத்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"பாக்கெட்டுல என்ன இருந்துதுன்னு நான் என்னத்தைக் கண்டேன்? அர்த்தத்தை நீங்க ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டிருந்தீங்க ஸார். எனக்கு வண்டி வேணும். அதுக்கு எந்த மணியை அடிக்கணும்னாலும் அடிச்சிருப்பேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இருந்தாலும் நான் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டேன். அந்த ஐ உருபுக்காக நான் ஏன் அப்படி மல்லுக்கட்டினேன் என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்... எங்கள் வீட்டில் என்னைக் கூப்பிடுகிற பெயரும் மணிதான்.